பத்தே நிமிஷம்... பாட்டு விளையாட்டு!

'உனக்குப் பாட்டு வராது' என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள உங்கள் வீட்டுச் சுட்டிகளுடன் சேர்ந்து விளையாட எளிய இசை விளையாட்டுகள்... கூடவே காதுக்கும் தொண்டைக்கும் சில எச்சரிக்கைகள்!

"மாசாமாசம் ஃபீஸ் கட்டறோம். வீட்டுல ஒரு தடவை பாடிக் காட்டுடா கண்ணான்னா, வாயையே திறக்க மாட்டேங்கறான்!"

உங்கள் வீட்டிலும் இந்தப் புலம்பல் உண்டா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி... அந்தப் பக்கம் அம்பத்தூர், ஆவடி... எந்தக் குடியிருப்புக்குள் சாயங்கால வேளையில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு மாடியிலிருந்து 'ஸ ரி க ம' காதில் விழும். பக்கத்து வீட்டில் கீபோர்டு. கீழ் வீட்டில் ட்யூஷன். மவுன்ட் - பூந்தமல்லி சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து ஸ்கூல் வேன் இறக்கிவிடும்போதே பிள்ளை பாதி துவண்டிருக்கும். ஒரு டம்ளர் பாலைக் குடித்த கையோடு ஹோம்வொர்க். அது முடிந்ததும், "பாட்டு ப்ராக்டிஸ் பண்ணினியா, இல்லையா?" என்று ஓர் அதட்டல்!

அந்த அதட்டலில்தான் சிக்கலே. பாட்டும் இன்னொரு ஹோம்வொர்க் ஆகிவிடுகிறது. நாலு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குப் பாட்டு வராதுங்க" என்று நாமே தீர்ப்பு எழுதி க்ளாஸை நிறுத்திவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு குழந்தையின் மனசில் ஒட்டிக்கொண்டுவிடும். நாற்பது வயதிலும் 'எனக்குப் பாட வராது' என்று சொல்லி, கொலுவில் கூட வாய் திறக்காமல் சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிற எத்தனை பேரை நமக்குத் தெரியும்!

சின்னப் பள்ளிப் பருவத்தில் வீட்டுப் பயிற்சி என்பது விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும். அதிகம் வேண்டாம், தினம் பத்து நிமிஷம் போதும். ஆனால் ஒரு நிபந்தனை... நீங்களும் கூட உட்கார வேண்டும்!

மார்க்குக்காக வேண்டாமே!

"சங்கீதம் கத்துக்கிட்டா மூளை வளருமாமே, கணக்குல நூறு வருமாமே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்த நம்பிக்கை பெரிய அளவில் பரவியதற்கு ஒரு கதை இருக்கிறது.

1993-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவர்களுக்கு மொஸார்ட்டின் இசையைப் பத்து நிமிஷம் கேட்கவைத்து, பிறகு காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன உருவம் வரும் என்று ஊகிப்பது போன்ற கேள்விகளைக் கொடுத்தார்கள். கொஞ்சம் நன்றாகவே செய்தார்கள். ஆனால் அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. ஆராய்ச்சியில் குழந்தைகளே இல்லை என்பதையும் கவனியுங்கள்! அதற்குள் 'மொஸார்ட் எஃபெக்ட்' என்று பெயர் சூட்டி, குழந்தைகளுக்கு கேஸட்டுகளாக விற்றுத் தள்ளிவிட்டார்கள். 1998-ல் ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் பணம் ஒதுக்கச் சொன்னார்! பிற்பாடு வேறு பலர் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது பலன் மிகச் சிறியதாக இருந்தது, அல்லது கிடைக்கவே இல்லை.

ஆகவே மார்க்கை மறந்துவிடுங்கள். இசையால் நேரடியாகக் கிடைப்பதே நிறைய இருக்கிறது. உன்னிப்பாகக் கேட்கும் பழக்கம், தாளத்தோடு கை கால் இசைந்து வருவது, நிதானமாக மூச்சு விடுவது, ஞாபகத்தில் வைத்துத் திருப்பிச் சொல்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா அப்பாவோடு செல்ஃபோன் குறுக்கே வராத பத்து நிமிஷம்!

தாய்மொழி மாதிரி...

ஜப்பானில் ஷினிச்சி சுசுகி என்று ஒரு வயலின் ஆசிரியர் இருந்தார் (1898 - 1998). அவர் ஒரு சாதாரண விஷயத்தை யோசித்துப் பார்த்தார். எல்லா ஜப்பானியக் குழந்தைகளும் தடையில்லாமல் ஜப்பானிய மொழி பேசுகின்றன! எப்படி? நாள் முழுக்கக் காதில் விழுகிறது, அம்மா பேசுகிறாள், தப்பாகச் சொன்னாலும் சிரித்துக் கொஞ்சுகிறாள். இசையையும் இதே மாதிரி சொல்லித்தரலாமே என்று, குழந்தையோடு பெற்றோரையும் வகுப்பில் உட்காரவைத்தார். வீட்டில் தினமும் அந்தப் பாடல்களை ஒலிக்கவிடச் சொன்னார். இன்று உலகம் முழுக்க 'சுசுகி முறை' பிரபலம்.

நம் முறையும் இதற்குச் சளைத்ததில்லை. புரந்தரதாசர் (1484 - 1564) வகுத்ததாகச் சொல்லப்படும் ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்கிற படிக்கட்டைப் பாருங்கள். முதலில் நேராக ஏறி இறங்குவது, அப்புறம் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரண்டிரண்டாகச் சொல்வது, அப்புறம் விதவிதமான தாளத்தில் சொல்வது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுமை ஏறும்.

இன்னொரு சுவையான சங்கதி. நம் சென்னையின் வடகோடியில் இருக்கும் மணலியில் முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் சில காலம் வாழ்ந்தது. அவர்களை ஆதரித்த மணலி முதலியார், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்களின் பேண்டு இசையைக் கேட்க அழைத்துப் போவாராம். அந்த மெட்டுகளுக்கு தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் 'நோட்டு ஸ்வரங்கள்'. சுமார் நாற்பது இருக்கின்றன. எல்லாமே சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை. சின்னச் சின்னதாக, கமகம் இல்லாமல், துள்ளலாக இருப்பதால் குழந்தைகள் 'டக்'கென்று பிடித்துக்கொள்வார்கள். உங்கள் பாட்டு டீச்சரிடம் ஒன்றிரண்டு சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்களேன்.

சரி, இனி விளையாடலாமா?

1. காதைத் தீட்டு!

பால்கனியிலோ ஜன்னல் பக்கத்திலோ உட்காருங்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிமிஷம், பேச்சு கூடாது. அதற்குள் எத்தனை சத்தம் காதில் விழுந்தது? தண்ணி லாரி ஹாரன், குக்கர் விசில், காக்கா, யார் வீட்டு மிக்ஸியோ, தூரத்தில் கோயில் மணி... ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல ஒரு பேப்பரில் எழுதுங்கள். அடுத்தது, 'இதில் கீச்சுக்குரல் எது, கட்டைக்குரல் எது?' என்று பிரிக்கச் சொல்லுங்கள். 'விசில் மேலே... லாரி கீழே' என்று குழந்தை கையை உயர்த்தித் தாழ்த்திக் காட்டட்டும். ஸ்வரம் பிடிப்பதற்கு முதல் பாடம் இதுதான்.

இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. மற்ற எல்லோருக்கும் கேட்கிற மெல்லிய சத்தங்கள் ஒரு குழந்தைக்கு மட்டும் அடிக்கடி கேட்கவில்லை என்றால் சும்மா விட்டுவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2. வடகறி தாளம்!

கொன்னக்கோல் கேட்டிருக்கிறீர்களா? மிருதங்கச் சொற்களை வாயாலேயே சொல்லும் கலை. 'தகதிமி' என்றால் நாலு. 'தகிட' என்றால் மூன்று. 'தக தகிட' ஐந்து. 'தகிட தகதிமி' ஏழு. இதைச் சாப்பாட்டுப் பெயரில் சொன்னால் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்!

நாலு: வ-ட-க-றி
மூன்று: பொ-ரி-யல்
ஐந்து: வடை பொரியல்
ஏழு: பொரியல் வடகறி
ஒன்பது: வடகறி வடை பொரியல்

ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு, ஒவ்வொரு சொல்லின் முதல் அசையில் மட்டும் கொஞ்சம் பலமான தட்டு. வேகம் மாறக்கூடாது. அம்மா 'வடகறி' சொல்லிக்கொண்டே இருக்க, குழந்தை 'பொரியல்' சொல்லட்டும். பன்னிரண்டாவது அசையில் இரண்டு பேரும் ஒன்றாக முடிப்பீர்கள். மூன்று நான்கு பன்னிரண்டு, நான்கு மூன்று பன்னிரண்டு! வாய்ப்பாடு தானாக உள்ளே போகும். அப்புறம் வடகறியை 'தகதிமி'யாகவும் பொரியலை 'தகிட'வாகவும் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். பழகிய குழந்தைகள் தாங்களே புதுப் பெயர்களைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள்.

3. பஸ் ஸ்டாப் ஆதி தாளம்

உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணிக்கை. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. ஆதி தாளம் அவ்வளவுதான்! வேனுக்குக் காத்திருக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது போட்டுப் பழகலாம். குழந்தைக்குப் பிடித்த சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டே போடச் சொல்லுங்கள். நிறையப் பாட்டுகள் இந்த எட்டுக்குள் அழகாக உட்காரும். உட்காராத பாட்டு வந்தால் இன்னும் நல்லது. 'இது மூணுல போகுதா, ஆறுல போகுதா?' என்று இரண்டு பேருமாக எண்ணிப் பாருங்கள். "சினிமாப் பாட்டா பாடறே?" என்று முறைக்க வேண்டாம். அவனுக்குப் பிடித்த பாட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் அவன் கூட வருவான்.

4. ஸ்வரப் படிக்கட்டு

அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படிக்கா பஞ்சம்? கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கைப்பிடி உள்ள பக்கம் நின்றுகொள்ளுங்கள். படிக்கு ஒரு ஸ்வரம். ஸ, ரி, க, ம, ப, த, நி, ஸ என்று பாடிக்கொண்டே ஏற வேண்டும், இறங்க வேண்டும். ஜண்டை வரிசைக்கு ஒவ்வொரு படியிலும் இரண்டு தரம் கால் பதிக்க வேண்டும். நீங்கள் பாட, குழந்தை ஏறலாம். குழந்தை பாட, நீங்கள் ஏறலாம். (மூட்டு வலிக்காரர்கள் தரையில் சாக்பீஸால் எட்டுக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்!)

ஹங்கேரி நாட்டில் ஜோல்டான் கோடாய் (1882 - 1967) என்ற இசைமேதையின் பள்ளி முறையில், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கை முத்திரை உண்டு. வயிற்றருகே ஆரம்பித்து தலை உயரத்துக்குக் கை ஏறும். கண்ணால் பார்த்து, கையால் செய்து, வாயால் பாடும்போது 'மேலே, கீழே' என்பது குழந்தைக்குப் பளிச்சென்று புரிந்துவிடும். நம் படிக்கட்டிலும் அதே தத்துவம்தான்.

5. ஒளிஞ்சுக்கிட்ட பாட்டு

தெரிந்த பாட்டு ஒன்றைக் குடும்பமாகப் பாடுங்கள். ஒருவர் கையை மூடினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் மனசுக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தாளமும் நிற்கக்கூடாது. கையைத் திறந்ததும் பாட்டு எங்கே போயிருக்குமோ அங்கிருந்து எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும். முதல் நாள் ஆளுக்கொரு இடத்தில் இருப்பீர்கள்! ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சத்தமில்லாமல் பாட்டைக் கேட்கும் இந்தத் திறமை பிற்பாடு எந்த வாத்தியம் கற்றாலும் கைகொடுக்கும்.

6. சமையலறைக் கச்சேரி

கண்ணாடி டம்ளர்கள் ஐந்தில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி, பென்சிலால் மெதுவாகத் தட்டுங்கள். தண்ணீர் கூடக் கூட ஸ்ருதி இறங்கும். நம் ஜலதரங்கம் இதே விஷயம்தான், அதில் பீங்கான் கிண்ணங்கள். இப்போது ஒரு வேடிக்கை. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதன் வாயில் ஊதிப் பாருங்கள். தண்ணீர் கூடக் கூட ஸ்ருதி ஏறும்! ஏன் தலைகீழ்? தட்டும்போது அதிர்வது டம்ளர். தண்ணீரின் கனத்தால் அது மெதுவாக அதிர்கிறது. ஊதும்போது அதிர்வது உள்ளேயிருக்கும் காற்று. தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறைந்து வேகமாக அதிர்கிறது. சயின்ஸ் பாடமும் ஆயிற்று!

சின்ன டப்பாவில் அரிசி போட்டுக் குலுக்கலாம். மண்பானையைக் கவிழ்க்காமல் மடியில் வைத்துத் தட்டினால் கடம். (கச்சேரிக் கடத்துக்குப் பெயர் பெற்ற ஊர் மானாமதுரை.) ஒருவர் தாளம், ஒருவர் டம்ளர், ஒருவர் பாட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கும் ஒரு டப்பா! ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவம்.

பத்து நிமிஷம் எப்படி?

முதல் இரண்டு நிமிஷம் காது விளையாட்டு. அடுத்த மூன்று நிமிஷம் தாளம். அடுத்த மூன்று நிமிஷம், டீச்சர் அந்த வாரம் சொல்லிக்கொடுத்த பாடத்தில் ஒரே ஒரு வரி. அதைப் படிக்கட்டிலோ, ஒளிந்துகொண்ட பாட்டாகவோ பாடலாம். கடைசி இரண்டு நிமிஷம் குழந்தை விரும்பும் பாட்டு எதுவானாலும் சரி. 'இன்னும் கொஞ்சம்' என்று அவன் கேட்கும்போதே முடித்துவிடுங்கள், நாளைக்கு அவனே கூப்பிடுவான். ஞாயிறன்று ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட தினமும் இந்தப் பத்து நிமிஷம் மேல்.

வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் 'தப்பு, தப்பு' என்று நிறுத்தாதீர்கள். முழுக்கப் பாடி முடிக்கட்டும். பிறகு நீங்கள் ஒரு முறை சரியாகப் பாடிக் காட்டுங்கள், போதும். திருத்துவதை டீச்சர் பார்த்துக்கொள்வார்.

* விருந்தாளி வந்ததும், "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று இழுத்து நிறுத்தாதீர்கள். அவனாக ஆசைப்பட்டால் பாடட்டும்.

* "எதிர் ஃப்ளாட் ப்ரியா எப்படிப் பாடறா பார்" என்கிற ஒப்பீடு வேண்டவே வேண்டாம். ஸ்ருதியோடு சேர்ந்து பாடும் திறமை ஒரு குழந்தைக்கு ஐந்து வயதில் வரும், இன்னொன்றுக்கு ஒன்பதில் வரும். பழகப் பழகத்தான் கூடும். ஸ்ருதியையே உணர முடியாத நிலை மிக மிக அரிது.

* உங்கள் ஸ்ருதிக்குக் குழந்தையை இழுக்காதீர்கள். அப்பாவின் ஒரு கட்டையில் குழந்தையால் பாட முடியாது. பொதுவாக, அம்மாக்கள் பாடும் ஐந்து, ஐந்தரை கட்டையோ, அதற்குச் சற்று மேலோதான் வசதிப்படும். ஆறு வயதில் மேல் ஸட்ஜம் எட்டாவிட்டால் 'ஸ'விலிருந்து 'ப' வரைக்கும் பாடினாலே போதும். கழுத்து நரம்பு புடைக்கிறது, தாடை தூக்குகிறது என்றால் ஸ்ருதி அவனுக்குச் சரியில்லை என்று அர்த்தம்.

தொண்டை பத்திரம், காது பத்திரம்!

குழந்தைகளின் குரல் கெடுவதற்குப் பாட்டைவிட கத்தல்தான் பெரிய காரணம். கத்திக் கத்தியே குரல் நாண்களில் சின்னதாகக் காய்ப்பு விழுந்துவிடும். ஸ்கூல் பஸ்ஸில் கத்தி, க்ரவுண்டில் கத்தி வந்த நாளில் உச்ச ஸ்வரங்களை விட்டுவிட்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று மெதுவாக ரீங்காரம் செய்யச் சொல்லுங்கள். அதுகூடச் சிரமமாக இருந்தால் அன்றைக்குத் தாளம் மட்டும். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், 'சளிதான்' என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மூச்சு விடவோ, விழுங்கவோ சிரமப்பட்டால் உடனே போக வேண்டும்.

காது விஷயத்துக்கு வருவோம். சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது சின்னக் குழந்தைகளிடம் சகஜம். பல நேரம் வலியே இருக்காது. டி.வி. சத்தத்தைக் கூட்டுவது, அடிக்கடி 'என்ன, என்ன?' என்று கேட்பது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது, க்ளாஸில் கவனமில்லை என்று புகார் வருவது... இவையே அடையாளங்கள். 'ஸ்ருதியே சேரலை' என்று நாம் திட்டும் குழந்தைக்கு ஒருவேளை சரியாகக் கேட்கவே இல்லையோ என்னவோ! சந்தேகமிருந்தால் ஒரு கேட்புப் பரிசோதனை செய்துவிடுங்கள். காட்டுப்பாக்கம் வாசிகளுக்குப் போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளிலும் காட்டலாம். நீங்களாக பட்ஸ் விட்டுக் குடைவதும், எண்ணெய் ஊற்றுவதும் கூடாது.

ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்கிற குழந்தையா? குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். டெசிபலை நாம் எங்கே அளப்பது? ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசுங்கள். குழந்தைக்குக் கேட்கவில்லையென்றால் சத்தம் அதிகம், குறைத்துவிடுங்கள். தம்புரா ஆப் போட்டுப் பாடும்போதும் ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே மெதுவாக ஒலிக்கட்டும்.

ஃபீஸ் கட்டி க்ளாஸுக்கு அனுப்ப வசதிப்படவில்லையே என்று யோசிக்கிறீர்களா? தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். உங்களுக்கு அருகில் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த ஆறு விளையாட்டுக்கும் ஃபீஸ் கிடையாது!

என்ன, இன்றைக்குச் சாயங்காலமே 'வடகறி'யில் ஆரம்பிக்கலாம்தானே?